சனி, ஞாயிறு ரெண்டே நாள்ல சம்பளம் எங்க போகுது? சென்னைக்குப் புதுசா வந்தவங்களுக்கு ஒரு வீக்எண்ட் கணக்கு



சென்னைக்கு வேலைக்கு வந்து மூணு மாசமோ ஆறு மாசமோ ஆகியிருக்கா? திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் பெருசா எதுவும் செலவு பண்ணலையே, அப்புறம் ஏன் 20-ம் தேதி ஆனா அக்கவுண்ட் காத்தாடுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? அப்போ இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

நம்ம சேனல்ல பட்ஜெட் வீடியோ போடும்போதெல்லாம் வாடகை, இஎம்ஐ, எஸ்ஐபி பத்தி நிறைய பேசியிருக்கோம். ஆனா புதுசா ஊருக்கு வந்த ஒருத்தருக்குப் பெரிய ஓட்டை அங்க இல்லை. சனிக்கிழமை காலையில எழுந்ததுல இருந்து ஞாயிறு ராத்திரி படுக்கிற வரைக்கும் உள்ள அந்த ரெண்டு நாள்லதான் இருக்கு. இதை நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கலை.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி கோவில்பட்டியில இருந்து வேளச்சேரிக்கு வந்தேன். கைக்கு வர்ற சம்பளம் 19,000. ரூம்மேட் வேலூர்க்காரர், வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஊருக்குக் கிளம்பிடுவார். அந்த நாலு சுவத்துக்குள்ள தனியா உட்கார முடியாம நான் வெளியே கிளம்பிடுவேன். எங்க போறோம்னு தெரியாது, எதுக்குன்னும் தெரியாது. ரூமை விட்டுப் போகணும், அவ்வளவுதான்.

ஒரு மாசம் 23-ம் தேதி அப்பா போன் பண்ணார். "தம்பி, அம்மாவுக்குக் கண்ணுல புரை. வர்ற வாரமே ஆபரேஷன் பண்ணிடலாம்னு டாக்டர் சொல்றாரு. ஒரு ஆறாயிரம் இருக்குமாய்யா?"

என் அக்கவுண்ட்ல இருந்தது 1,140 ரூபாய். "சம்பளம் இந்த மாசம் லேட்டுப்பா"ன்னு பொய் சொன்னேன். அவர் ஒரு செகண்ட் பேசலை. அப்புறம், "பரவால்லய்யா, நான் பாத்துக்கறேன். நீ சாப்பிட்டியா?"ன்னு கேட்டார். பக்கத்து வீட்டுல கடன் வாங்கித்தான் ஆபரேஷன் நடந்தது.

அன்னைக்கு ராத்திரி பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து ஒவ்வொரு வரியா பார்த்தேன். சனி, ஞாயிறு தேதிகளை மட்டும் பேனாவால வட்டம் போட்டேன். நான் தொலைச்ச காசு எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளதான் இருந்தது.

ஒரு சாதாரண வீக்எண்ட், இன்னைக்கு விலையில

கீழே இருக்கிறது ஒரு மாதிரிக் கணக்கு. உங்க கணக்கோட ஒப்பிட்டுப் பாருங்க.

சனிக்கிழமை:
- லேட்டா எழுந்தாச்சு, பிஜியில டிபன் முடிஞ்சது. ஆப்ல பிரியாணி ஆர்டர், டெலிவரியோட சேர்த்து: ரூ. 280
- மால் போக வர கேப்: ரூ. 360
- சினிமா டிக்கெட், புக்கிங் கட்டணத்தோட: ரூ. 230
- பாப்கார்ன், கூல்டிரிங்க்ஸ் காம்போ: ரூ. 380
- ஃபுட் கோர்ட்ல ராத்திரிச் சாப்பாடு: ரூ. 350
- "ஆஃபர்ல இருந்துச்சு"ன்னு ஒரு டி-ஷர்ட்: ரூ. 799

ஞாயிற்றுக்கிழமை:
- மதியச் சாப்பாடு, மறுபடியும் ஆப்: ரூ. 260
- பெசன்ட் நகர் பீச் போக வர பைக் டாக்ஸி: ரூ. 180
- கஃபேல காபி, கேக்: ரூ. 340

மொத்தம் ரூ. 3,179. நாலு வாரத்துக்கு 12,716 ரூபாய். 30,000 சம்பளம் வாங்குறவருக்கு இது 40 சதவீதத்துக்கும் மேல.

இப்போ ஒரு விஷயத்தைக் கவனிங்க. இந்த 3,179-ல நீங்க உண்மையிலேயே ஆசைப்பட்டுப் போனது ரெண்டே இடம். ஒண்ணு சினிமா, அது 230 ரூபாய். இன்னொண்ணு கடற்கரை, அதுக்குக் கட்டணமே கிடையாது. மீதி எல்லாமே இந்த ரெண்டையும் சுத்தி ஒட்டிக்கிட்டு வந்த செலவு.

அதுலயும் பெரிய பங்கு எது தெரியுமா? நீங்க ஏற்கெனவே காசு கொடுத்துட்ட விஷயம். பிஜி வாடகையில மூணு வேளைச் சாப்பாடும் சேர்ந்துதான் இருக்கு. அதை விட்டுட்டு வெளியே வாங்கின மூணு சாப்பாடு 890 ரூபாய். ஆபீஸ் போக மாதாந்திர பஸ் பாஸ் வெச்சிருக்கீங்க, ஆனா சனிக்கிழமை ஆனா அது பர்ஸ்லயே தூங்குது. கேப், பைக் டாக்ஸிக்குப் போனது 540. ரெண்டும் சேர்ந்தா 1,430 ரூபாய். கிட்டத்தட்ட பாதிச் செலவு, ஒரே பொருளுக்கு ரெண்டு தடவை கொடுத்த காசு.

அதனால "வெளியே போகாதீங்க, ரூம்லயே இருங்க"ன்னு நான் சொல்லப் போறதில்லை. தெரியாத ஊர்ல, தெரிஞ்ச முகம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளமா இருக்கும்னு எனக்குத் தெரியும். கண்டிப்பா வெளியே போங்க. ஆனா எங்க போறோம்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டுப் போங்க.

வியாழக்கிழமை ஃபார்முலா

சனிக்கிழமை காலையில எடுக்கிற முடிவு எப்பவுமே காஸ்ட்லி. பசியோட, போரடிச்சு, போனைக் கையில வெச்சுக்கிட்டு எடுக்கிற முடிவு அது. அதனால வியாழன் ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. மூணே கேள்விதான்:

1. இந்த வாரம் பார்க்கப் போற ஒரே ஒரு இடம் எது?
2. யாரோட போறேன்? (தனியா போனாலும் சரி, அதையும் முடிவு பண்ணிடுங்க.)
3. எதுல போறேன், எங்க சாப்பிடுறேன்?

அடுத்து பணம். 30,000 கைக்கு வர்ற ஒருத்தரோட கணக்கை இப்படிப் போடலாம்:

- பிஜி, சாப்பாட்டோட: 8,500
- வீட்டுக்கு அனுப்புறது: 7,000
- பஸ் பாஸ்: 1,000
- போன், சோப்பு, சலவை: 1,200
- டீ, ஸ்நாக்ஸ், ஆபீஸ் செலவு: 2,500
- சேமிப்பு (ஆர்டி அல்லது எஸ்ஐபி): 3,000
- ஊர்ப் பயணம், துணிமணி, மருந்துக்குத் தனி உண்டியல்: 2,800
- வீக்எண்ட்: 4,000

ஆக மொத்தம் 30,000. உங்க சம்பளமும் வாடகையும் வேற மாதிரி இருக்கலாம், ஆனா வரிகள் இதேதான். நாலு வாரம் இருக்கிற மாசத்துல வாரத்துக்கு 1,000. அஞ்சு சனிக்கிழமை வர்ற மாசத்துல 800. மாசத் தொடக்கத்துலயே காலண்டரைப் பார்த்துடுங்க. நிறைய பேர் மாட்டுறது அந்த அஞ்சாவது சனிக்கிழமையிலதான்.

இதைச் செயல்படுத்த ஒரு சின்ன வழி. மினிமம் பேலன்ஸ் தேவைப்படாத ரெண்டாவது சேவிங்ஸ் அக்கவுண்ட் ஒண்ணு திறங்க. யுபிஐ ஆப்ல அந்த அக்கவுண்டை மட்டும் இணைங்க. வியாழக்கிழமை சம்பள அக்கவுண்ட்ல இருந்து 1,000 மாத்துங்க. வாரம் முழுக்க ஸ்கேன் பண்ணுறது அதுல இருந்து மட்டும். தீர்ந்துச்சா, வீக்எண்ட் தீர்ந்துச்சு. கட்டுப்பாடு உங்க மனசுல இருக்கணும்னு அவசியமில்லை, அக்கவுண்ட்ல இருந்தா போதும்.

பாஸ் இருக்கா? அப்போ ஊர் உங்களுது

சென்னை மாநகரப் பேருந்துல 1,000 ரூபாய் 'விருப்பம் போல் பயணம்' பாஸ் எடுத்தா ஏசி இல்லாத பஸ்கள்ல மாசம் முழுக்க எத்தனை தடவை வேணும்னாலும் போகலாம். ஏசி பஸ்ஸும் சேர்த்து வேணும்னா 2,000 ரூபாய் பாஸ் இருக்கு. பெண்களுக்கு 2021-ல இருந்து சாதாரணக் கட்டண பஸ்கள்ல டிக்கெட்டே கிடையாது. அதனால நீங்க பாஸ் எடுக்கிறதுக்கு முன்னாடி, தினமும் போற ரூட்ல அந்த பஸ் கிடைக்குதான்னு பாருங்க. கிடைச்சா அந்த 1,000 அப்படியே மிச்சம்.

வேளச்சேரி, தரமணி, திருவான்மியூர் பக்கம் தங்கியிருக்கிறவங்களுக்குப் பறக்கும் ரயில் இருக்கு. திருமயிலை, கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி வரைக்கும் 10 ரூபாய்க்குள்ள போயிடலாம். 'சென்னை ஒன்' ஆப்ல பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் டிக்கெட் எல்லாமே ஒரே இடத்துல எடுத்துக்கலாம்.

ஒரு விதிவிலக்கு. ராத்திரி லேட்டாகி, தனியா திரும்புறீங்கன்னா ஆட்டோவோ கேபோ எடுத்துடுங்க. அந்த 150 ரூபாயை மிச்சம் பிடிக்காதீங்க. முதல்லயே அதை வீக்எண்ட் கணக்குல ஒதுக்கி வைங்க.

நாலு வாரம், நாலு இடம்

முதல் வாரம்: மயிலாப்பூர் டு மெரினா. காலையில ஏழு மணிக்குத் திருமயிலை ஸ்டேஷன்ல இறங்குங்க. கபாலீஸ்வரர் கோயில், தெப்பக்குளம், நாலு மாட வீதி. நடை மதியம் சாத்திடுவாங்க, அதனால காலையிலேயே போறது நல்லது. மாட வீதியில டிபன் சாப்பிட்டுட்டு சாந்தோம் வரைக்கும் நடக்கலாம். அங்க இருந்து கலங்கரை விளக்கம் பக்கம்தான். திங்கட்கிழமை தவிர மத்த நாள்ல மேலே ஏறிப் பார்க்கலாம், லிஃப்ட் இருக்கு. நீங்க வந்து சேர்ந்த ஊர் எவ்வளவு பெருசுன்னு மேல நின்னு பார்த்தாத்தான் புரியும். கீழே இறங்கினா மெரினா. ஒரு மாங்கா பட்டாணி சுண்டல், அப்படியே கலங்கரை விளக்கம் ஸ்டேஷன்ல ரயில். மொத்தம் 250 ரூபாய்க்குள்ள முடிச்சிடலாம்.

ரெண்டாவது வாரம்: எழும்பூர். பாந்தியன் சாலையில 1851-ல தொடங்கின அரசு அருங்காட்சியகம். சோழர் காலத்து வெண்கலச் சிலைகளுக்குன்னே தனிக் கூடம் இருக்கு. முழுசா பார்க்க அரை நாள் வேணும். வெள்ளிக்கிழமை விடுமுறை, சனி ஞாயிறு திறந்திருக்கும். அதே வளாகத்துலதான் 1896-ல திறந்த கன்னிமாரா நூலகம். எழும்பூர்ல மெட்ரோ, புறநகர் ரயில் ரெண்டும் நிக்கும்.

மூணாவது வாரம்: கோட்டூர்புரம். 2010-ல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது. நம்ம சொந்தப் புத்தகத்தையே எடுத்துட்டுப் போய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கு. வெயில் காலத்துல பிஜி ரூம்ல ஃபேன் காத்து அனலா அடிக்கும்போது இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வேலை மாறத் தயார் பண்றீங்களா, சர்ட்டிபிகேஷன் படிக்கிறீங்களா, டிஎன்பிஎஸ்சி எழுதுறீங்களா, எதுவா இருந்தாலும் மாசத்துல ஒரு சனிக்கிழமையை இங்க கொடுங்க. அடுத்த சம்பள உயர்வுக்கான முதலீடு அது.

நாலாவது வாரம்: மாமல்லபுரம். மூணு, நாலு பேரா சேர்ந்து போங்க. 40 ரூபாய் டிக்கெட் ஒண்ணுலயே கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் ரெண்டும் பார்த்துடலாம். தாம்பரத்துல இருந்து 515 பஸ் போகுது. கேப் புக் பண்ணி ஈசிஆர்ல ரிசார்ட் லஞ்ச்னு போனா ஆளுக்கு ரெண்டாயிரம் ஆகும். பஸ்ஸுல போய் ஒரு மெஸ்ல மீன் சாப்பாடு சாப்பிட்டா 500-ல திரும்பிடலாம். பார்க்கிற கல்லு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

சீசனையும் பயன்படுத்திக்கோங்க. மார்கழியில பல சபாக்கள்ல காலை, மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் இல்லை. பாட்டு பிடிக்காதவங்களுக்கு சபா கேன்டீன் இருக்கவே இருக்கு. பங்குனியில மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழா. ஜனவரி புத்தகக் காட்சியில 10 சதவீதத் தள்ளுபடி, ஆனா எவ்வளவு ரூபாய்க்கு வாங்கப் போறோம்னு வீட்டுலயே எழுதிட்டுப் போங்க. தள்ளுபடியைப் பார்த்து மூவாயிரத்துக்கு வாங்கி, படிக்காத புத்தகத்தைக் கட்டில் அடியில வெச்சிருக்கிற ஆள்ல நானும் ஒருத்தன்.

சினிமாவும் போங்க. கவுண்டர்ல டிக்கெட் கிடைக்கிற தியேட்டரா பார்த்தா புக்கிங் கட்டணம் மிச்சம். பிஜியில சாப்பிட்டுட்டுப் போனா பாப்கார்ன் காம்போ தேவைப்படாது.

"மச்சி, வாடா"ன்னு கூப்பிட்டா?

இது எல்லாருக்கும் வர்ற சிக்கல். டீம்ல எல்லாரும் பார்ட்டி போறாங்க, நம்ம மட்டும் வரலைன்னா தப்பா நினைப்பாங்களோன்னு ஒரு பயம். புது ஊர்ல நட்பும் வேணும், அதை நான் மறுக்கலை.

மாசத்துல ஒரு தடவை போங்க. மத்த தடவை, "இந்த வாரம் என் கணக்கு முடிஞ்சுதுடா. அடுத்த சனிக்கிழமை மயிலாப்பூர் போறேன், வர்றியா?"ன்னு கேளுங்க. முடியாதுன்னு மட்டும் சொல்றவனை மறந்துடுவாங்க. இன்னொரு பிளானோட வர்றவன் கூட ரெண்டு பேராவது சேருவாங்க. சொல்லப்போனா, அவங்கள்ல பாதிப் பேருக்கு உங்களை மாதிரியேதான் 20-ம் தேதி அக்கவுண்ட் காலி. வெளியே சொல்லலை, அவ்வளவுதான்.

பில்லைப் பிரிச்சா அன்னைக்கே யுபிஐல செட்டில் பண்ணிடுங்க. சின்னக் கடன்தான் பெரிய நட்பைக் கெடுக்கும்.

கிரெடிட் கார்டுல வீக்எண்ட் வேண்டாம்

மேலே சொன்ன 12,700 ரூபாயைக் கார்டுல தேய்ச்சுட்டு, "மினிமம் டியூ மட்டும் கட்டிக்கலாம்"னு நினைச்சா என்ன ஆகும்? மினிமம் 5 சதவீதம்னு வைங்க, 635 ரூபாய் கட்டுறீங்க. மாத வட்டி 3.5 சதவீதம்னா சுமார் 445, அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி 80. ஆக 525 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போயிடுது. அசல்ல குறையறது 110 ரூபாய் மட்டும். போன மாசம் சாப்பிட்ட பாப்கார்னுக்கு அடுத்த தீபாவளி வரைக்கும் காசு கட்டிக்கிட்டு இருப்பீங்க. 'இப்போ வாங்குங்க, அப்புறம் கட்டுங்க' வகையறாவுக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஊருக்குப் போறதும் வீக்எண்ட் செலவுதான்

தென் மாவட்ட ரயில்கள்ல ஸ்லீப்பர் டிக்கெட் 500 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். பண்டிகை நேரத்துல கடைசி நிமிஷம் ஆம்னி பஸ் எடுத்தா ஆயிரங்கள்ல போகும். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்குது. பொங்கல், தீபாவளிக்கு அந்தத் தேதியைக் கணக்குப் போட்டு போன்ல அலாரம் வைங்க. பஸ்ஸுல போறவங்க, கிளாம்பாக்கம் வரைக்கும் போய்ச் சேர ஆகுற செலவையும் சேர்த்துக்கோங்க. டிக்கெட் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க.

மிச்சமானது எங்க போகணும்?

ஞாயிறு ராத்திரி வீக்எண்ட் அக்கவுண்ட்ல மீதி இருக்கிறதை அப்படியே விடாதீங்க. அடுத்த வாரத்துக்குச் சேர்த்துக்கவும் வேண்டாம். அவசர நிதிக்கு மாத்திடுங்க. வாரம் 400 ரூபாய் மிச்சமானா, 50 வாரத்துல 20,000 ரூபாய். இதுல பங்குச் சந்தை வித்தை எதுவும் இல்லை. சம்பளம் கூடலை, வேலை மாறலை, வெளியே போறதை நிறுத்தவும் இல்லை.

நான் இதைத்தான் செஞ்சேன். ஒன்றரை வருஷம் கழிச்சு அம்மாவுக்கு இன்னொரு கண்ணுலயும் புரை வந்தது. இந்தத் தடவை அப்பா என்கிட்ட கேட்கலை. கேட்டா எனக்குக் கஷ்டமா இருக்கும்னு நினைச்சிருப்பார். தங்கச்சி சொல்லித்தான் தெரியும். நானே போன் பண்ணேன். "ஆஸ்பத்திரியில எவ்வளவு சொன்னாங்கப்பா? இப்பவே அனுப்பிடறேன்."

"சம்பளம் லேட் இல்லையாய்யா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். அன்னைக்குச் சொன்ன பொய் அவருக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு.

உங்க போனுக்கும் என்னைக்காவது அப்படி ஒரு கால் வரும். அப்போ "லேட்டுப்பா"ன்னு சொல்லாம இருக்கிறதுக்குத்தான் இவ்வளவு கணக்கும்.

இப்போ செய்ய வேண்டியது ரெண்டே விஷயம். போன மாச ஸ்டேட்மென்டை எடுத்து சனி, ஞாயிறு தேதிகளை மட்டும் வட்டம் போடுங்க. அப்புறம் வர்ற வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு அலாரம் வைங்க. அலாரத்துக்குப் பேரு: "இந்த வாரம் எங்க?"

அடுத்த வீடியோல பிஜியா, ஷேரிங் வீடா, எது லாபம்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதுவரைக்கும் நல்லா சுத்துங்க, கணக்கோட சுத்துங்க.